பணத் தகராறு கிரிமினல் வழக்கானால்: முன்ஜாமீன் கோருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடனுக்குச் சரக்கு வாங்கியவர் பாக்கியைத் தராமல் இழுத்தடித்தால், விற்றவர் போக வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம்தான். ஆனால் அங்கே தீர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பலர் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) (மோசடி), 316(2) (ஒப்படைத்த பொருளைக் கையாடும் நம்பிக்கை மோசடி) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவானால் இரண்டுமே ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றங்கள்; முதலாவதற்கு ஏழு ஆண்டுகள் வரையும் இரண்டாவதற்கு ஐந்து ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை உண்டு.

இந்நிலையில் முன்ஜாமீன், அதாவது கைதுக்கு முன்பே பெறும் ஜாமீன், கோருவோர் பலரும் செய்யும் முதல் தவறு, கைப்பேசியை அணைத்துவிட்டு ஊரை விட்டுப் போவது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இத்தகைய வழக்குகளில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி அனுப்பப்படும் அறிவிப்பை ஏற்று ஒருவர் ஆஜராகிவந்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் அவரைக் கைது செய்ய இயலாது. அறிவிப்பை வாங்க மறுத்தவரின் மனுவை எதிர்க்க அரசு வழக்கறிஞருக்கு 'தலைமறைவாக இருக்கிறார்' என்ற ஒரு வரியே போதும். முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை காத்திருப்பதும் தேவையற்றது. கைதாகக்கூடும் என்று நம்புவதற்குத் திட்டவட்டமான காரணம் இருந்தாலே மனு செய்யலாம்.

காசோலை திரும்பிய வழக்குக்கு மட்டும் முன்ஜாமீன் கேட்பது வீண்வேலை, ஏனெனில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் ஜாமீனை உரிமையாகவே பெறலாம். அங்கே கவனிக்க வேண்டியது, வழக்கறிஞர் அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் செலுத்தத் தரப்படும் வாய்ப்பு.

மனுவை எழுதும் விதத்தில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். புகார்தாரரின் குணக்கேட்டைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, கணக்கைப் பற்றி ஒரு பத்தி மட்டும் எழுதுவார்கள். மோசடி என்பதற்கு ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலைத்த சட்டம். 12 லட்சம் ரூபாய்க்கு நூல் வாங்கிய ஒருவர் 7 லட்சத்தைத் தவணைகளாக வங்கி வழியே செலுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வங்கிக் கணக்கு அறிக்கையும், ஜிஎஸ்டி விலைப்பட்டியல்களும், மீதிக்கு அவகாசம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் எந்த வாதத்தையும் விட வலுவாகப் பேசும். விற்கப்பட்ட சரக்கு வாங்கியவருக்கே சொந்தமாகிவிடுவதால் அதில் நம்பிக்கை மோசடி எழாது என்பதையும், ஒரே செயல் மோசடியாகவும் நம்பிக்கை மோசடியாகவும் இருக்க முடியாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியதையும் மனுவில் குறிப்பிட வேண்டும்.

என் பார்வையில் மிகவும் ஆபத்தான தவறு, எப்படியாவது உத்தரவு கிடைத்தால் போதும் என்று, திரட்ட முடியாத தொகையை நீதிமன்றத்தில் கட்டுவதாக உறுதியளிப்பது. ஜாமீன் நீதிமன்றம் கடன் வசூலிக்கும் இடமல்ல என்பதை 2023-இல் ரமேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்க, மனுதாரரே முன்வந்து வாக்குக் கொடுத்துக் கெடு தவறினால், அதுவே உத்தரவை ரத்து செய்யக் கோரும் காரணமாகிவிடும். காவல் நிலையத்தில் 'முழுத் தொகையும் நான் தர வேண்டியது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவதும் இதே வகைதான்.

முன்பு தள்ளுபடியான மனுவையோ நிலுவையிலுள்ள வேறு வழக்கையோ மறைக்கக் கூடாது. வேறு மாநிலத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால், அங்குள்ள நீதிமன்றத்தை அணுகுவதற்குத் தேவையான குறுகிய காலத்துக்கு மட்டும் உள்ளூர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்கலாம். 2023-இல் பிரியா இந்தோரியா வழக்கு இதற்கு வழிவகுத்தது. சட்டப் பிரிவு எண்ணிலும் கவனம் வேண்டும்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கான 438, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 ஆகியிருக்கிறது. வழக்கை ரத்து செய்யக் கோரும் பழைய 482-தான் இன்று 528.

உத்தரவு கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. குறிக்கப்பட்ட கெடுவுக்குள் நீதித்துறை நடுவர் முன் ஆஜராகிப் பிணைதாரர்களோடு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த உத்தரவால் பயன் இருக்காது. தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை தொழிலுக்கு இடையூறாக இருந்தால், சில நாட்கள் போகாமல் விட்டுவிடுவதற்குப் பதிலாக, தளர்த்தக் கோரி மனு செய்து, அதில் உத்தரவு வரும்வரை கையெழுத்திட்டு வர வேண்டும்.