வேக்கி ரிக்: முள் குத்துவது சுலபம், நரம்பைத் தளர விடுவதுதான் பாடு

போன வருடம் மார்ச் மாதம் முழுக்க, டெக்சாஸில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குளத்தில் பிளாஸ்டிக் புழுவை வீசி வீசி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாஸ் மீன்கூட மாட்டவில்லை. ஒரு சனிக்கிழமை பக்கத்தில் வந்து நின்ற பத்து வயதுப் பையன், அதே புழு, அதே நிறம், ஒரு மணி நேரத்தில் நான்கு பிடித்தான். என் தப்பு என்னவென்று புரிய அதற்குமேல் மூன்று வாரம் ஆனது. அதை நீங்கள் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு.

ரீலில் நரம்பு (தூண்டில் நூல்) ஏற்றுவது, வீசுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். டிராப் ஷாட், நெட் ரிக், ஷேக்கி ஹெட் என்று நுணுக்க ரிக்குகள் (முள்ளையும் இரையையும் நரம்பில் கட்டும் முறைகள்) பல உண்டு. முதலில் வேக்கி ரிக்கைப் பழகுங்கள், அதாவது புழுவின் நடுவில் முள்ளை மாட்டும் முறை. ஒரு முள், ஒரு புழு, ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான்.

சாமான்கள்

7 அடி ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கோல்), விறைப்பு மீடியம் லைட் அல்லது மீடியம். 2500 அளவு ரீல். 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் முனையில் ஆறேழு அடிக்கு 8 பவுண்டு ஃபுளூரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு). பிரெய்டு பளிச்சென்ற மஞ்சளாக இருக்கட்டும். மீன் பார்த்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், மீனுக்குப் பக்கத்தில் இருப்பது ஃபுளூரோகார்பன்தான். மஞ்சள் உங்கள் கண்ணுக்காக. ஏன் என்று கீழே வருகிறது.

புழு: 5 அங்குல சென்கோ. தூண்டில் இரை தயாரிப்பாளர் கேரி யமமோட்டோ 1990களில் கொண்டுவந்தது. வால் கிடையாது, கால் கிடையாது, உருக்கி நீட்டிய மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். கடையில் முதன்முதலில் பார்த்தபோது 'இதற்கா இவ்வளவு விலை' என்றுதான் தோன்றியது. சூட்சுமம் உள்ளே இருக்கும் உப்பில். அந்தக் கனத்தால் ஈயம் கட்டாமலே மூழ்கும், மூழ்கும்போது இரண்டு முனையும் நடுங்கும். நிறத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்: தெளிந்த தண்ணீருக்குக் கிரீன் பம்கின், கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு நீலம். மற்ற நிறங்கள் எல்லாம் மீனைவிட நம்மைத்தான் அதிகம் பிடிக்கின்றன.

முள்: வேக்கிக்கென்றே விற்கும் சிறிய, வளைந்த முள், 1 அல்லது 1/0 அளவு.

கட்டுவது

உப்பு அதிகம் என்பதால் சென்கோ பூப்போலக் கிழியும். முள்ளை நேரே புழுவில் குத்தினால் ஒரு மீனுக்கு ஒரு புழு என்று காசு கரையும். அதனால் முதலில் நடுவில் ஒரு ஓ-ரிங், அதாவது அந்த ரப்பர் வளையம். அதை மாட்டவென்று ஒரு கருவி விற்கிறார்கள், வாங்கலாம். நான் தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவின் இரண்டு முனையையும் வெட்டிக் குழாயாக்கி வைத்திருக்கிறேன். வளையத்தைக் குழாயின் மேல் ஏற்றி, புழுவை உள்ளே பாதி நுழைத்து, வளையத்தைத் தள்ளினால் நடுவில் போய் உட்காரும்.

அடுத்தது முடிச்சு. பலோமார் போதும். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். ஃபுளூரோகார்பனைக் காய்ந்தபடியே இறுக்கினால் உராய்வுச் சூட்டில் வலுவிழக்கும்.

பிறகு முள்ளை வளையத்துக்கு அடியில் நுழைத்துவிடுங்கள், புழுவுக்குள் அல்ல. முள் நுனி வெளியே தெரிய வேண்டும்.

வீசியபின் என்ன செய்வது

நான் கோட்டைவிட்ட இடம் இது. சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் தக்கை கட்டித் தூண்டில் போட்ட கை எனக்கு. தக்கை முங்கினால் வெடுக்கென்று இழுக்க வேண்டும், அதற்கு நரம்பு விறைப்பாக இருக்க வேண்டும். அதே பழக்கத்தில் இங்கேயும் புழு தண்ணீரைத் தொட்டவுடன் ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கிவிடுவேன்.

நரம்பு இறுகினால் புழு நேராகக் கீழே இறங்காது, ஊஞ்சல் மாதிரி வளைந்து உங்களை நோக்கி வரும். நடுக்கமும் நின்றுவிடும். பாசி ஓரத்தில் பதுங்கியிருக்கும் பாஸின் முன்னால் விழ வேண்டியது, அதை விட்டு விலகிப் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. புழு தண்ணீரில் விழுந்ததும் ரீலின் பெயிலை (வீசும்போது திறந்து வைக்கும் கம்பி வளையம்) கையால் மூடுங்கள். ராடு நுனி உயரத்தில் இருக்கட்டும். புழு இறங்க இறங்க நுனியையும் மெல்லத் தாழ்த்துங்கள். துணி காயப்போடும் கொடி லேசாகத் தொய்ந்திருக்குமே, நரம்பு அப்படி இருக்க வேண்டும். குவியலாகச் சுருண்டு கிடக்கக் கூடாது, விறைக்கவும் கூடாது. சந்தேகமாக இருந்தால் கரையோரத் தெளிந்த தண்ணீரில் இரண்டு விதமாகவும் இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நரம்பு தளர்ந்திருந்தால் கடி கைக்குத் தெரியாது. மஞ்சள் நரம்பு அதற்குத்தான். நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள். அது சுண்டினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன். வீசும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணுங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு எண்ணும்போது தரை தட்டும் இடத்தில், ஐந்திலேயே நரம்பு இறங்காமல் நின்றுவிட்டால் அதுவும் மீன்தான். எனக்கு முதல் பாஸ் அப்படித்தான் கிடைத்தது. ஆறு எண்ணினேன், நரம்பு நின்றது, பாசியில் சிக்கியது என்று சலித்துக்கொண்டே சுற்றினேன், பாசி குதித்தது.

தெரிந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெல்லிய முள் விரியும், 8 பவுண்டு நரம்பு அறும். ராடைத் தாழ்த்தி, தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்ததும் பக்கவாட்டில் ஒரே சீராக இழுங்கள். அதே நேரம் ரொம்பப் பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள், புழு தொண்டைக்குள் போய்விடும். நான் முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் குட்டி முள்ளை இடுக்கியால் நசுக்கி விடுகிறேன், கழற்றுவது எளிது.

தரை தட்டியும் ஒன்றும் நடக்கவில்லையா? ஒரு அடி தூக்கி, மறுபடி தளர விடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு அடுத்த இடத்துக்கு வீசுங்கள்.

உரிமம்: டெக்சாஸில் 17 வயது ஆனவர்களுக்கு வேண்டும். ஆண்டு உரிமங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும், ஜூலையில் வாங்குபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். லார்ஜ்மவுத் பாஸ் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்துதான். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலத்துக்கு இடைப்பட்டதை எடுக்க முடியாது. கிழிந்த புழுவைத் தண்ணீரில் போடாதீர்கள், மீன் விழுங்கிவிடும்.

பின்சேர்க்கை 1: முள் பாசியில் மாட்டுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள்.  அப்படி மாட்டினால், முள் நுனியை மறைக்கும் கம்பி வைத்த வகையை வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: காற்று அடித்தால் நரம்பு வில்லாக வளைந்து எதுவுமே தெரிவதில்லை என்று ஒரு கேள்வி. உண்மைதான். அன்றைக்கு நெக்கோ ரிக்குக்கு மாறிவிடுங்கள். இதே புழுதான், ஒரு முனையில் ஆணி மாதிரியான 1/16 அவுன்ஸ் எடையைச் செருக வேண்டும். தலைகுப்புற வேகமாக இறங்கும், தரையில் வால் தூக்கி நிற்கும்.

பின்சேர்க்கை 3: இது என் சொந்தச் செலவில் கற்றது. நெட் ரிக்குக்கு வரும் இசட்-மேன் நிறுவனப் புழுக்கள் இலாஸ்டெக் என்ற வேறு ரகப் பிளாஸ்டிக். அதையும் சென்கோவையும் ஒரே பெட்டியில் போட்டு கார் டிக்கியில் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திறந்தேன். எல்லாம் உருகி ஒட்டிக் கூழாகிக் கிடந்தது, பெட்டியின் அடியும் கரைந்திருந்தது. அந்தப் புழுக்கள் வந்த பாக்கெட்டிலேயே தனியாக இருக்கட்டும்.