ஜே02.9-ஐ விட்டு வெளியே வந்த கதை

ஐசிடி-10-சிஎம் என்பது டாக்டர் எழுதும் நோய்களுக்குக் குறியீடு (கோடு) கொடுக்கும் அமெரிக்க முறை. அந்தக் கோடிங்கில் சேர்ந்த புதிதில், தொண்டை வலி என்று கண்ணில் பட்டாலே கை தானாக ஜே02.9-க்கு, அதாவது காரணம் குறிப்பிடாத தொண்டை அழற்சிக்கான கோடுக்குப் போய்விடும். தணிக்கையில் சில சார்ட்டுகள் (நோயாளிப் பதிவுகள்) திரும்பி வந்தன. ஒன்றைத் திறந்தால், கடைசி வரியில் டாக்டர் 'வைரல் ஃபாரிஞ்சைட்டிஸ்' (வைரஸால் வரும் தொண்டை அழற்சி) என்று தெளிவாகவே எழுதியிருந்தார். நான்தான் முதல் வரியோடு நின்றிருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

கோடு பட்டியலைப் புரட்டினேன். வைரல் என்றால் ஜே02.8, அதாவது குறிப்பிட்ட பிற கிருமிகளால் வரும் தொண்டை அழற்சி. அதன் கீழேயே, கிருமியைக் காட்ட பி95 முதல் பி97 வரை இன்னொரு கோடு சேர்க்கச் சொல்லும் குறிப்பு. எந்த வைரஸ் என்று குறிப்பிடாவிட்டால் பி97.89. அது எப்போதும் இரண்டாவதாகத்தான் வர வேண்டும்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சார்ட்டில் 'வைரலாக இருக்கலாம்' என்று இருந்தது. புறநோயாளி பதிவில் சந்தேகத்தை உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது, அங்கே ஜே02.9தான் சரி. ஸ்ட்ரெப் டெஸ்ட் (தொண்டையில் ஸ்ட்ரெப் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) நெகட்டிவ் என்பதை வைத்து நாமாக வைரல் என்று முடிவு கட்டவும் முடியாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. இப்போதெல்லாம் குழப்பம் வந்தால், "தொண்டை அழற்சிக்கான காரணம் தெரிந்திருந்தால் குறிப்பிடவும்" என்று மட்டும் டாக்டரிடம் கேட்டு அனுப்புகிறேன். வைரல் என்ற சொல்லை நான் எடுத்துக் கொடுப்பதில்லை.