எச்பிவி தடுப்பூசி: தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள் செய்ய வேண்டியவை

எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசியைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஊசி என்றே நம் ஊரில் பலரும் அறிந்திருப்பதால், ஓர் ஆண் போய்க் கேட்டால் "இது பெண்களுக்குப் போடுவதாயிற்றே" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். ஆனால் இதே வைரஸின் 16ஆம் வகை ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும், 6, 11ஆம் வகைகள் பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் முளைக்கும் மருக்களுக்கும் காரணமாகின்றன. பெண்களுக்குப் பரவலாக ஊசி போடப்பட்ட நாடுகளில் அவர்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. ஆண்களோடு மட்டும் உறவுகொள்ளும் ஆண்களை அது எட்டவில்லை. இங்கிலாந்து 2018 முதல் 45 வயது வரையுள்ள, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்குப் பாலியல் நல மருத்துவ மையங்களில் இதை இலவசமாகப் போட்டுவருவதன் காரணம் அதுவே.

தமிழ்நாட்டில் உள்ளவர்கள் தனியார் மருத்துவமனையையோ தோல், பால்வினை நோய் மருத்துவரையோதான் நாட வேண்டியிருக்கும். இந்தியாவின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் என்ற எச்பிவி தடுப்பூசி 2022இல் ஒப்புதல் பெற்றது. மேற்சொன்ன மூன்றோடு 18ஆம் வகையையும் தடுக்கும் இது, 9 முதல் 26 வயது வரையுள்ள ஆண், பெண் இருபாலருக்கும் உரியது. ஒரு தவணையின் விலை சுமார் 2,000 ரூபாய். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மூன்று தவணைகள்: முதல் ஊசி, இரண்டு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதத்தில் கடைசி. 26 வயதைக் கடந்தவர்கள் தங்களுக்கு எவ்வளவு பயன் இருக்கும் என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

நேரில் போவதற்கு முன் ஊசி இருப்பில் உள்ளதா என்று தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊசிக்காக மட்டும் போகும்போது உங்கள் பாலீர்ப்பைச் சொல்லியாக வேண்டிய அவசியமில்லை, வயதே போதும். ஈஸ்ட் ஒவ்வாமை, எச்ஐவி, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எச்ஐவி உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் ஆசனவாய்ப் புற்றுநோய் வாய்ப்பு அவர்களுக்கே மிக அதிகம். தோள்பட்டைக்குக் கீழே தசையில் ஊசி போட்டதும் எழுந்து புறப்படாமல் பதினைந்து நிமிடம் அமர்ந்திருங்கள். இளைஞர்கள் சிலருக்கு மயக்கம் வருவதுண்டு. அடுத்த தவணைக்கான தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். தேதி தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உறவு தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது சிறந்தது. ஏற்கெனவே தொடங்கியவர்களும், இதுவரை தொற்றாத வகைகளுக்கு எதிராகப் பாதுகாப்பு பெற முடியும் என்பதால், தயங்க வேண்டாம். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. இருக்கும் தொற்றையோ மருவையோ இந்த ஊசி குணப்படுத்தாது. தொற்றுகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைகின்றன. தோலோடு தோல் உரசினாலே பரவும் வைரஸ் என்பதால் ஆணுறை அபாயத்தைக் குறைக்குமே தவிர முற்றிலும் தடுக்காது. எச்ஐவி பரிசோதனையை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

ஆசனவாயில் ரத்தக் கசிவு, ஆறாத புண், கட்டி, தொடர்ந்த வலி அல்லது அரிப்பு இருந்தால் மூலம் என்று தாமே முடிவுகட்டி மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுவதுதான் இங்கே வழக்கம்; பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் "மூலம், பௌத்திரம்" விளம்பரங்களை நம்பிப் போவோரும் உண்டு. அப்படிச் செய்யாமல், தகுதி பெற்ற அறுவை மருத்துவரிடம் காட்டி, ஆசனவாய் உறவு உண்டு என்பதை அந்த இடத்தில் மட்டுமாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அவர் சிறிது திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்.