குழந்தை வதைச் சந்தேகத்தில் எக்ஸ்ரே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஜான் காஃபி, மூளையுறைக்கு அடியில் நாள்பட்ட இரத்தத் தேக்கம் கொண்ட ஆறு குழந்தைகளின் கைகால் எலும்புகளில், எவராலும் காரணம் கூறப்படாத முறிவுகள் இருந்ததை 1946இல் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் எக்ஸ்ரே படம் குழந்தை வதை விசாரணைகளில் முக்கியச் சான்றாக ஆனது. ஆனால் படம் எடுப்பதில் நேரும் பிழை, அடிபட்ட குழந்தையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். குற்றமற்ற பெற்றோரைக் கூண்டில் ஏற்றவும் கூடும்.

அவசரத்தில் தலை முதல் கால் வரை ஒரே படத்தில் அடக்கிவிடுவது முதல் தவறு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக, விலா எலும்புகளைச் சாய்கோணத்திலும் சேர்த்து, ஏறத்தாழ இருபது படங்களோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும்.

முதல் நாள் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்வதை நான் இதைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். பெரியவரின் இரு கைகளும் குழந்தையின் மார்பை இறுக்கும்போது, விலா எலும்புகள் முதுகெலும்பை ஒட்டிய இடத்தில் நெம்பப்பட்டு முறிகின்றன. முறிந்த முனைகள் பெரும்பாலும் விலகாததால், புதிய முறிவு படத்தில் தெரியாமல் போய்விடுகிறது. சுமார் இரண்டு வாரங்களில் அவ்விடத்தில் புது எலும்பு படியும்போதுதான் அது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே மறுபடம் கட்டாயம். அதுவரை குழந்தையின் பாதுகாப்பை முதல் படத்தின் முடிவை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, வெளியே அறிகுறி இல்லாவிட்டாலும், தலைக்கு ஸ்கேன் எடுப்பதைத் தவிர்க்கக் கூடாது.

எந்த நாளில் முறிந்தது என்று காவல்துறையும் வழக்கறிஞர்களும் கேட்பது இயல்பே. எக்ஸ்ரேயால் ஒரு கால வரம்பைத்தான் கூற முடியும். மண்டையோட்டு முறிவு மற்ற எலும்புகளைப் போலப் புது எலும்பு படிந்து ஆறுவதில்லை என்பதால் அந்த வரம்பைக்கூடக் கூற இயலாது.

எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயையும், வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸையும் சோதிக்காமல் வதை என்று எழுதிவிடுவது எதிர்த்திசைத் தவறு. கதிரியக்க மருத்துவர் தாம் கண்டதையும், கூறப்பட்ட காரணத்தோடு அது பொருந்துகிறதா என்பதையும் எழுத வேண்டுமேயன்றி, தீர்ப்பை எழுதக் கூடாது.

இடம், வலம், தேதி, நேரம் குறிக்கப்படாத படமும், செல்பேசியில் பிடித்து அனுப்பிய நகலும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். மூல டிஜிட்டல் கோப்பையே பாதுகாக்க வேண்டும். அதே குழந்தையோடு இரட்டையராகப் பிறந்த குழந்தையும் அவ்வீட்டில் இருக்கலாம். அதற்கும் இப்பரிசோதனை தேவை என்பது பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை.