மழைக்காட்டைத் திரும்ப வரவழைப்பது எப்படி: கன்று நடுவது கடைசி வேலை

வெட்டி அழித்த மழைக்காட்டை மீட்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக நாற்றங்காலுக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன் ஐந்து மீட்டர் கயிறும் ஒரு முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே என்ன முளைத்துக்கொண்டிருக்கிறது, வளரவிடாமல் எது தடுக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை கன்று தேவை, தேவையா என்பதே புரியும். தடையை அப்படியே விட்டுவிட்டு நட்ட கன்றுகள் இரண்டாம் கோடையைத் தாண்டுவது அபூர்வம்.

காடு எப்படிப் போனது என்று கேளுங்கள்

ஒவ்வொரு அழிவும் நிலத்தில் ஒவ்வொரு விதமான காயத்தை விட்டுப்போகிறது. அதற்கேற்பத்தான் வைத்தியமும்.

மழைக்காட்டின் சத்தில் பெரும்பங்கு மரங்களிலும் சருகுப் படலத்திலும் இருக்கிறது. அடியில் உள்ள மண் பல இடங்களில் அமிலத்தன்மை கொண்ட ஏழை மண். விழுந்த இலை சில மாதங்களில் மட்கிவிடும். மேலாகப் படர்ந்திருக்கும் வேர்களும் அவற்றோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளும் அந்தச் சத்தை மண்ணுக்குள் இறங்கவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும். காட்டை வெட்டி எரித்தால் சாம்பல் உரத்தில் இரண்டு மூன்று அறுவடை நன்றாக வரும். அதற்குள் மழை சத்தை அடித்துப்போய்விடும், உழவர் அடுத்த துண்டுக் காட்டுக்கு நகர்வார். இப்படிச் சில ஆண்டுகளே பயிர் கண்டு கைவிடப்பட்ட நிலம் இருப்பதில் எளிதானது. உயிருள்ள தூர்களும் மண்ணில் உறங்கும் விதைகளும் மிச்சம் இருக்கும்.

மேய்ச்சல் நிலம் அப்படியல்ல. அமேசானில் வெட்டப்பட்ட காட்டின் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலுக்குத்தான் போயிருக்கிறது. பல ஆண்டு மிதிபட்ட மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். மண்ணில் உறங்கும் விதைக் கையிருப்பும் தீர்ந்திருக்கும். விற்பனைக்காகச் சில மரங்களை மட்டும் வெட்டிய காட்டில் மற்ற மரங்கள் மிச்சம் இருந்தாலும் லாரிப் பாதை திறந்தே கிடக்கும். அமேசானில் காடழிந்த பரப்பில் சுமார் 95 சதவீதம் சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ, படகு போகும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோதான் இருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் முதல் செலவு பாதையை அடைப்பது.

எண்ணெய்ப்பனைக்கோ நெல்லுக்கோ வடிகால் வெட்டப்பட்ட கரிச்சதுப்பு நிலம், அதாவது முழுதும் மட்காத தாவரங்கள் நீருக்குள் படிந்து உருவான நிலம், தனி ரகம். நீர் வடிந்ததும் அந்த மண்ணே எரிபொருளாகிவிடும். நெல் விளைவிக்கவென்று 1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் தோண்டிய கால்வாய்கள், 1997-ல் அங்கே மூண்ட தீ நிலத்தடியில் பரவ வழிசெய்தன. கால்வாய்களுக்கு அணை போட்டு நீர்மட்டத்தை உயர்த்தாமல் அங்கே எதை நட்டாலும் வீண்.

வட்டம் போட்டு எண்ணுங்கள்

நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்காக நடந்து, ஏறக்குறைய சம இடைவெளியில் பத்து இடங்களில் முளை அடியுங்கள். முளையில் கட்டிய ஐந்து மீட்டர் கயிற்றைச் சுற்றிவந்தால் சுமார் 78 சதுர மீட்டர் வட்டம் கிடைக்கும். அதற்குள் மூன்றை மட்டும் எண்ணுங்கள்: 50 செ.மீ.-க்கு மேல் வளர்ந்த மரக்கன்றுகள், துளிர்விடும் தூர்கள், வளர்ந்த மரங்கள். புதர், கொடி, புல் கணக்கில் சேராது. எத்தனை இனம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஓர் இலை பறித்து ஒப்பிட்டால் போதும். சாணம், எரிந்த தூர், கடித்த நுனி, அடிமண்ணின் இறுக்கம் ஆகியவற்றையும் எழுதுங்கள்.

பத்து வட்டத்தின் சராசரி 25 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஹெக்டேருக்கு 3,100-க்கு மேற்பட்ட மரங்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன என்று பொருள். நடத் தேவையில்லை. சராசரி 9 என்றால் வட்டத்துக்கு 16 குறைகிறது. ஒரு ஹெக்டேரில் 127 வட்டம் அடங்கும் என்பதால் 16 × 127, அதாவது ஏறத்தாழ 2,030 கன்று வேண்டும். எண்ணாமல் ஆர்டர் கொடுப்பவர்கள் வழக்கமாக அதிகமாக வாங்கி, இடம் போதாமல், தானாக முளைத்ததை வெட்டி எறிந்துவிட்டு அதே குழியில் நடுவார்கள். இதைவிட அபத்தம் இந்தத் தொழிலில் இல்லை.

எண்ணிக்கை போதுமென்றால்: புல்லை மடக்குங்கள்

வெட்டவெளியில் பெரிய எதிரி இம்பெரேட்டா போன்ற உயரப் புல். அரிவாளால் வெட்ட வெட்ட, மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். அதை மடக்கிப் படுக்கவைப்பதுதான் வழி. ஒரு மீட்டருக்குச் சற்று நீளமான பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். கயிற்றால் பலகையைத் தூக்கிப் புல்லின்மேல் போட்டு, முழு எடையோடு ஏறி மிதித்து, ஓரடி முன்னால் நகருங்கள். எல்லாப் புல்லும் ஒரே திசையில் சாய வேண்டும், சரிவில் கீழ்நோக்கி.

புல் ஒரு மீட்டர் உயரம் தாண்டியிருக்க வேண்டும். தயாரா என்று பார்க்க ஒரு பிடிப் புல்லைக் காலால் மடக்கிவிட்டு மறுநாள் காலை வாருங்கள். நிமிர்ந்திருந்தால் சில வாரம் பொறுங்கள். மடிந்த புல்லே மூடாக்காகி அடியிலுள்ளதை நிழலில் வாட்டும். மடக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு மரக்கன்றுக்கும் வண்ணக்குச்சி நட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கன்றும் சேர்ந்து மிதிபடும்.

கோடை வரும் முன் சுற்றிலும் 8 முதல் 10 மீட்டர் அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டுங்கள். மழைக்காட்டு மரங்கள் பெரும்பாலானவற்றின் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீயே அவற்றைக் கொன்றுவிடும். மாடுகளை வெளியே வையுங்கள்.

குறைகிறது என்றால்: எதை நடுவது

20 முதல் 30 உள்ளூர் இனங்களைக் கலந்து நடும் முறை 1980-களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தொடங்கி, தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் செம்மைப்பட்டது. தேர்வுக்கு மூன்று கேள்விகள்: வெட்டவெளி வெயிலில் பிழைக்குமா? இரண்டு மூன்று ஆண்டில் அகன்ற கிளைவிட்டுப் புல்லை நிழலில் அமுக்குமா? சீக்கிரம் பழுத்துப் பறவை, வௌவாலைக் கூப்பிடுமா? மூன்றாவது கேள்விக்கு அத்தி இனங்களை மிஞ்ச ஆளில்லை. மழைக்காட்டு மரங்களில் பெரும்பான்மையின் விதைகளை விலங்குகள்தான் சுமக்கின்றன. நீங்கள் நடும் முப்பது இனம் வெறும் அழைப்பிதழ். மீதி இனங்களை அவை கொண்டுவரும்.

விதிவிலக்கு பெரிய விதை மரங்கள். இருவாச்சி போன்ற பெரிய வாய்ப் பறவைகள் வெட்டவெளிக்கு வருவதில்லை என்பதால் அவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும். இந்த விதைகளில் நாற்றங்கால்காரர்கள் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள். நெல் விதைபோல வெயிலில் காயவைத்தாலோ, குளிர்ப்பெட்டியில் போட்டாலோ செத்துவிடும். சேகரித்த ஒரு வாரத்துக்குள் விதையுங்கள். வெட்டவெளியில் முதலில் முளைக்கும் முன்னோடி மரங்களின் பொடி விதைக்கு வேறு கணக்கு: அவற்றில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், எனவே மண்ணால் மூடாமல் மேலே தூவினால் போதும். தென்கிழக்கு ஆசிய மழைக்காட்டின் உயர்ந்த மரக் குடும்பமான டிப்டெரோகார்ப் மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகக் காய்க்கும். காய்க்காத ஆண்டில் தாய் மரத்தடியில் 20 செ.மீ.-க்குக் குட்டையான நாற்றுகளை மழைநாளில் கிளறி எடுத்து, பாலித்தீன் கூடாரத்தின் ஈரக்காற்றில் நாலைந்து வாரம் தேற்றுங்கள். அதே மரத்தடி மண் ஒரு பிடி நாற்றுப் பையில் சேரட்டும். அந்த மண்ணில் உள்ள வேர்ப் பூஞ்சை இல்லாவிட்டால் கன்று மஞ்சளடித்து நிற்கும்.

கன்று 30 முதல் 50 செ.மீ. வந்ததும், நடுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நிழல்வலையைப் படிப்படியாக நீக்கித் தண்ணீரையும் குறையுங்கள். பையைக் கிழித்துப் பாருங்கள்: வேர் அடியில் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் இரண்டு மூன்று ஆண்டு செழிப்பாக வளர்ந்து, பிறகு ஒரு காற்றில் அடியோடு சாயும்.

நடவும் இரண்டு மழைக்காலமும்

மழை நிலைத்துப் பெய்யத் தொடங்கியதும் நடுங்கள். சராசரி இடைவெளி 1.8 மீட்டர், வரிசை வேண்டாம், ஒரே இனத்தை ஒரே இடத்தில் குவிக்கவும் வேண்டாம். குழி பையைப் போல இரண்டு மடங்கு. தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும், புதைந்தால் அழுகும். கழுத்தைச் சுற்றி 40 முதல் 50 செ.மீ. அகலத்தில் காகித அட்டை மூடாக்கு. உரம் 50 முதல் 100 கிராம், தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி வட்டமாக. களையெடுப்பும் உரமும் மழைக்காலம் முழுக்க நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுக்கு. பல திட்டங்கள் நடவுவிழாப் புகைப்படத்தோடு பணத்தைத் தீர்த்துவிட்டு, இதற்கு எதுவும் வைக்காமல் தோற்கின்றன.

கன்று குறைவென்றால் நிலம் முழுக்கப் பரப்பாமல் தீவுகளாக நடலாம். கோஸ்டா ரிகாவின் தெற்கில் சூழலியலாளர்கள் கேரன் ஹோலும் ரகான் ஸஹாவியும் 2004 முதல் நடத்திவரும் சோதனையில், 4, 8, 12 மீட்டர் சதுரத் தீவுகள் முழுநடவுக்குக் கிட்டத்தட்ட ஈடான பலனைத் தந்தன. அருகே காடும் பறவையும் இருந்தால் மட்டும் இது எடுபடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பம் வந்தால், மிச்சக் காட்டின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். பிரேசிலின் அமேசான் நகரான மனாவுஸ் அருகே 1979-ல் தொடங்கிய துண்டுக்காட்டு ஆய்வில், விளிம்பிலிருந்து 100 மீட்டருக்குள் மரங்கள், குறிப்பாகப் பெரியவை, வேகமாகச் செத்தன. காய்ந்த, வேகமான காற்று உள்ளே புகுவது முக்கியக் காரணம். விளிம்பை அடர்த்தியாக்கினால் உள்ளே இருப்பதும் பிழைக்கும்.

எது பலன்

ஒவ்வோர் இனத்திலும் இருபது கன்றுக்காவது எண் கட்டி, இரண்டாம் மழைக்கால முடிவில் எண்ணுங்கள். 70 சதவீதம் பிழைத்த இனத்தை அடுத்த ஆண்டும் நடுங்கள். பாதிகூடப் பிழைக்காததை விட்டுவிடுங்கள். அவசரம் வேண்டாம்: 2021-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, வெப்பமண்டலத்தில் தானாக மீளும் காட்டில் மண் பத்து ஆண்டுக்குள் தேறுகிறது, மரங்களின் மொத்த எடையும் பழைய இனக் கலவையும் திரும்ப 120 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

மூன்றாம் ஆண்டிலிருந்து, நீங்கள் நடாத இனத்தின் கன்று எங்காவது தலைகாட்டுகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் பறவை அமரும் கிளைக்கு நேர்கீழே, சருகுக்குள், இரண்டு இலையோடு நிற்கும். பார்த்ததும் குச்சி நட்டுவிடுங்கள். களையெடுப்பவரின் கத்தி முதலில் போவது அதன்மேல்தான்.