பல் அடைக்கப் போகிறவர்கள் நாற்காலியில் சாயும் முன்

"டாக்டரம்மா, கிருமி அண்டாத மருந்தாகப் பார்த்து வைத்து அடைத்துவிடுங்கள்." திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் கிளினிக்கில் இதைக் கேட்காத நாளில்லை. அப்படிப்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அவற்றை நம்பி ராத்திரி பல் துலக்காமல் தூங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடைத்த பல் மீண்டும் சொத்தையாவது பெரும்பாலும் அடைப்பின் ஓரத்தில்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த இடுக்கில் குடியேறி, நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றன. ஆகவே மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: "எதை வைத்து அடைக்கப் போகிறீர்கள்? இந்தப் பல்லுக்கு ஏன் அது?"

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. புதிதில் கிருமிகளை ஓரளவு தடுக்கும். அதைவிடப் பெரிய நன்மை, நாளடைவில் அதன் ஓரத்தில் படியும் துருவே இடுக்கை அடைத்துவிடுவது. 2013இல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதரசப் பயன்பாட்டை உலகம் குறைத்துவருகிறது. அதற்காக, வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்து பெயர்க்கச் சொல்லாதீர்கள். பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்.

பல் நிறத்தில், நீல ஒளி காட்டி இறுக்குவது காம்போசிட். அழகுக்கு இதற்கு ஈடில்லை. கிருமியை எதிர்ப்பதில் சாதாரணக் காம்போசிட்டுக்குச் சுழியம்தான் போடுவேன். இறுகும்போது சிறிது சுருங்கவும் செய்யும். எச்சில் படாமல், ஒட்டும் பசையை முறையாகப் பூசி, அடுக்கடுக்காக வைத்தால்தான் ஓரம் பிடிக்கும். எச்சில் படாமல் பல்லைத் தனித்து நிறுத்தும் ரப்பர் தாள்தான் ரப்பர் டாம்; "ரப்பர் டாம் போடுவீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கிருமியைக் கொல்லும் எம்டிபிபி என்ற மூலக்கூறைச் சேர்த்த பசையை ஜப்பானில் உருவாக்கியிருக்கிறார்கள். அது இறுகிய பிறகு தன்னைத் தொடும் கிருமியை மட்டுமே தாக்கும். மேலே எச்சில் புரதம் படிந்துவிட்டால் அதுவும் மந்தமாகிவிடும். கம்பெனிப் பிரதிநிதிகள் காட்டும் படங்களில், ஆய்வகத் தட்டில் மருந்தைச் சுற்றிக் கிருமியே இல்லாத வளையம் தெரியும். தட்டில் எச்சிலும் இல்லை, சாயங்கால பஜ்ஜியும் இல்லை.

என் மனத்துக்கு நெருக்கமானது கிளாஸ் அயனோமர் சிமெண்ட். வில்சன், கென்ட் என்ற விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் உருவாக்கி, 1970களின் தொடக்கத்தில் வெளியுலகுக்குச் சொன்னது. பல்லோடு வேதியியல் முறையில் தானே ஒட்டும், ஃப்ளோரைடு கசியும். முதல் ஓரிரு நாளில் கசிவு அதிகம், பிறகு வெகுவாகக் குறையும். ஆனால் ஃப்ளோரைடு பற்பசையால் துலக்கும்போது கொஞ்சம் உள்வாங்கி மறுபடி வெளியிடும். இந்த வசதி காம்போசிட்டில் பெயருக்குத்தான் உண்டு. தூளையும் திரவத்தையும் குழைக்கும்போது கலவை ஈரமாக மினுமினுக்க வேண்டும். அந்த மினுக்கு மங்கிவிட்டால் பல்லில் ஒட்டாது. எங்கள் உதவியாளர் அதை வழித்து எறிந்துவிட்டுப் புதிதாகக் குழைப்பார். கடலூர்ச் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். கண்ணாடிப் பலகையைக் குளிரவைத்தால் நேரம் கிடைக்கும், ஆனால் கடற்காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்தால் கலவை கெடும். அடைத்ததும் மேலே வார்னிஷோ வாஸலினோ பூசிவிடுவோம். அன்று முறுக்கு, கரும்பு பக்கம் போகாதீர்கள். மெல்லும் விசை அதிகம் விழும் பெரிய குழிகளுக்கு இது தாங்காது. குழந்தைகளின் பாற்பற்களுக்கும், ஈறோரச் சொத்தைக்கும் இதையே கேளுங்கள்.

குழி ஆழமாக இருந்தால் நரம்புக்குப் பக்கத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைப்பதுண்டு. அதன் காரத்தன்மையில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. துத்தநாக ஆக்சைடும் கிராம்பின் யூஜினாலும் சேர்ந்த தற்காலிக அடைப்பு வலியையும் தணிக்கும், கிருமியையும் அடக்கும். சில வாரங்களுக்கு மேல் அதை வைத்துக்கொண்டு திரியாதீர்கள். வலிக்கு வீட்டிலேயே கிராம்பு எண்ணெய் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: யூஜினால் காம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது.

அடைத்தபின் ராத்திரி ஃப்ளோரைடு பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் படுங்கள். கரித்தூள், உப்புத்தூள் வேண்டாம். அடைப்பின் மேல் கீறல் விழுந்தால் கிருமி பிடித்துக்கொள்ள இடம் கொடுத்ததாகும். செலவுக்குத் தயங்குகிறவர்கள் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள அரசு பல் மருத்துவ நிறுவனத்துக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம்.

பல் இடுக்கில் நூல் விட்டு எடுக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நூல் பிய்ந்தாலோ, சோற்றுப்பருக்கை தினமும் அங்கேயே சிக்கினாலோ, ஓரம் விட்டிருக்கக்கூடும். வலி வரட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.