வீட்டுக் காயில் ஓர் ஆண்டுக்கான தேங்காய் எண்ணெய்: காயவைப்பது முதல் செக்கு வரை

2024 தொடக்கத்தில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஒரு கிலோ தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) நூறு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அடுத்த ஆண்டின் நடுவில் அதே பருப்பு 200 ரூபாயைத் தாண்டியது. கடையில் ஒரு லிட்டர் எண்ணெய் 400 ரூபாய்க்கு மேல் போனபோது, 'அரிசியும் பருப்பும்' சாதத்தில் எண்ணெய் ஊற்றும் கையைப் பல வீடுகள் சுருக்கிக்கொண்டன. விலை ஏறியதற்குக் காரணம் நம் தோப்புகளிலேயே இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, அதன் பின்னர் பரவிய வாடல் நோய், 2024 கோடையின் கடும் வெயில் ஆகியவை சேர்ந்து காய்ப்பைக் குறைத்தன. கிடைத்த காயிலும் ஒரு பங்கு இளநீராகவே போய்விட்டது. மாற்றாகப் பாமாயிலுக்குப் போகலாம் என்றால், 2024 செப்டம்பரில் இறக்குமதி எண்ணெய்களின் மீதான வரி உயர்ந்து அதுவும் ஏறியது.

எங்கள் வீட்டின் பின்புறம் மூன்று தென்னைகள் நிற்கின்றன. சமையலுக்குப் போக மீந்த காய்களை அதுவரை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தி, நாங்களே காயவைத்துச் செக்கில் ஆட்டத் தொடங்கியதில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். முதல் முயற்சி 2024 ஐப்பசியில் முழுவதும் கெட்டுப்போனது. இரண்டாவது 2025 மாசியில் சரியாக அமைந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஒரு வேலையில்தான் என்பதால், அந்த வேலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

நன்கு முற்றிய நடுத்தரக் காய்கள் எட்டு இருந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பு கிடைக்கும். கோடைக் கடைசியில் காய் சிறுத்துப்போனால் ஒன்பது, பத்து என்று ஆகும். மரச்செக்கில் ஒரு கிலோ பருப்புக்கு 550 முதல் 600 கிராம் வரை எண்ணெய் இறங்கும். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை 920 கிராம் அளவில் இருப்பதால், லிட்டருக்கு 1.6 கிலோ பருப்பு, அதாவது 13 காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு லிட்டர் செலவாகும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 160 காய் வேண்டும். பராமரிப்புள்ள இரண்டு மூன்று மரங்களில் இது கிடைக்கக்கூடியதுதான்.

மரம் இல்லாதவர்கள், விலை உச்சத்தில் இருக்கும்போது காயை எடைபோட்டு வாங்கி இதைச் செய்ய வேண்டாம். காய்விலை, செக்குக் கூலி, உங்கள் உழைப்பு மூன்றையும் கூட்டினால் மிஞ்சுவது சொற்பம். உறவினர் தோப்பில் மொத்தமாகக் காய் கிடைக்கும் மாசி, பங்குனியில் மட்டும் செய்யலாம், அல்லது நேராகப் பருப்பாகவே வாங்கி ஆட்டலாம். அதைப் பின்சேர்க்கையில் சொல்கிறேன்.

காய் தேர்வு

மட்டை பழுப்பேறிய, ஆட்டினால் தண்ணீர் சலசலக்கும் நெத்துக்காய்தான் இதற்குச் சரி. பறித்த உடனே உடைக்காமல், உரிக்காத காயை நிழலில் மூன்று நான்கு வாரம் போட்டு வைத்தால் உள்ளே தண்ணீர் குறைந்து பருப்பு கெட்டிப்படும். முற்றாத காயை எத்தனை நாள் காயவைத்தாலும் ரப்பரைப்போல வளைந்துகொண்டே இருக்கும்; எண்ணெயும் குறையும். முளை விட்டவற்றையும் ஓட்டில் கீறல் உள்ளவற்றையும் அன்றாடச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைக்கும் நாள்

மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, காலை எட்டு மணிக்குள் உடைத்து முடித்து வெயிலில் வைத்துவிட வேண்டும். ஈரத் தேங்காயில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர்தான். உடைத்த மூடி முதல் நாள் வெயிலைத் தவறவிட்டால், மாலைக்குள் உட்புறம் பிசுபிசுப்பு ஏறத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு காய்ந்தாலும் அந்த இடம் மஞ்சளாகத்தான் நிற்கும். தண்ணீரை வடித்துவிட்டுத் துணியால் துடைத்தாலே போதும், கழுவக் கூடாது.

காயவைத்தல்

என்னைத் தடுக்கிவிட்ட படி இதுதான்.

மூடிகளை வாய் மேல்நோக்கி இருக்குமாறு சிமெண்டுக் களத்திலோ மொட்டை மாடியிலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். கறுப்புத் தார்ப்பாயை விரித்து அதன்மேல் காயவைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடியில் ஈரம் தங்கி, மூடியின் முதுகுப்புறம் காயாமல் போகிறது. வெறும் சிமெண்டுத் தரை, அதன்மேல் பழைய பருத்தி வேட்டி, காகத்துக்கும் அணிலுக்கும் மேலே பச்சை வலை ஆகியவையே போதுமானவை. இரண்டு நாள் நல்ல வெயில் பட்டால் பருப்பு சுருங்கித் தொட்டியை (கொட்டாங்குச்சியை) விட்டு விலகும். கத்தி முனையால் நெம்பி எடுத்து, தொட்டி இல்லாமல் பருப்பை மட்டும் மேலும் ஐந்தாறு நாள் காயவைக்க வேண்டும்.

2024 ஐப்பசியில் 90 காய் உடைத்தேன். இரண்டு நாள் வெயில் அடித்தது. மூன்றாம் நாள் மதியம் மழை இருட்டவே, வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த பருப்பை அப்படியே வாரி இரண்டு உரச்சாக்குகளில் கட்டித் திண்ணையில் வைத்துவிட்டேன். மழை இரண்டு நாள் விடவில்லை. சாக்கைப் பிரித்தபோது உட்புறமெல்லாம் நீர் முத்து முத்தாக நின்றது. பருப்பின் குழிவில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம், அங்கங்கே கறுப்புப் புள்ளி. துடைத்துவிட்டு மறுபடியும் நான்கு நாள் காயவைத்துச் செக்குக்குக் கொண்டுபோனேன். செக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒரு கீற்றை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைய ஆட்டினா எண்ணெய் காறுமுங்க அம்மிணி, வாயில வெக்க முடியாதுங்க. நம்ம செக்குலயும் அந்த வாசம் நின்னுக்குமுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மறுத்தது நல்லதாகப் போயிற்று. பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகக்கூடும். துடைப்பதாலும் வெயிலில் போடுவதாலும் அது நீங்காது. அந்தப் பருப்பை மாட்டுக்கும் போடக் கூடாது என்பதால் முழுவதையும் குழியில் கொட்டி மூடினோம்.

கெடுத்தது மழை அல்ல. சூட்டோடு மூடி வைத்ததுதான் கெடுத்தது. காய்ந்துகொண்டிருக்கும் பருப்பின் உள்ளிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதைச் சூடு ஆறாமல் காற்றுப் புகாத சாக்கில் கட்டினால் அந்த ஈரம் போக வழியின்றிப் பருப்பின்மேலேயே வியர்த்து நிற்கும். ஆகவே, ஒவ்வொரு மாலையும் வெயில் தாழ்ந்ததும் பருப்பை நிழலுக்கு மாற்றி, ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிட்டு, கையில் சூடு தெரியாத நிலையில் சணல் சாக்கிலோ மூங்கில் கூடையிலோ தளர்வாகப் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். பனிக்காகக் களத்திலேயே தார்ப்பாய் போட்டு மூடுபவர்களும் இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடக் கூடாது. மழை பிடித்துக்கொண்டால், சாக்கில் கட்டாமல் ஓர் அறையில் பரப்பி மின்விசிறியை ஓடவிடுங்கள்.

எவ்வளவு காய்ந்தால் போதும் என்பது அடுத்த சிக்கல். ஈரம் 6 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அதை வீட்டில் அளக்கக் கருவி இல்லை. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்: வளையாமல் 'டப்' என்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் ஓரத்திலும் நடுவிலும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். நடுவில் கண்ணாடிபோலத் தெளிந்த கோடு தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். எனக்கு அந்தக் கண் பழகாததால் தராசை நம்பினேன். தொட்டியிலிருந்து எடுத்த பருப்பில் பத்துத் துண்டுகளை அடையாளம் வைத்து, சமையலறை மின்னணுத் தராசில் தினமும் மாலை ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதினேன். எடை நாள்தோறும் இறங்கும். பிறகு இறக்கம் மெதுவாகும். இரண்டு நாள் தொடர்ந்து அதே எடை நின்றால் வேலை முடிந்தது. உடைத்த அன்றே எடுத்துப் பார்த்தால், 100 கிராம் ஈரத் தேங்காய் 55 கிராம் அளவில் வந்து நிற்கும். இந்த வேலைக்கு நான் காசு போட்டு வாங்கச் சொல்லும் ஒரே கருவி அந்தத் தராசுதான்.

செக்கில்

காய்ந்த பருப்பைக் கீற்றாக நறுக்கி, வண்டு விழும் முன்பு, ஒரு வாரத்துக்குள் ஆட்டிவிடுங்கள். எங்கள் செக்கில் குறைந்தது பத்துக் கிலோ இருந்தால்தான் ஆட்டுவார்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்து, தேங்காய் ஆட்டும் நாளில் போவது நல்லது. கடலைக்கோ எள்ளுக்கோ அடுத்து ஆட்டினால் அதன் வாசம் உங்கள் எண்ணெயில் ஏறும். இரும்புச் செக்கைவிட மெதுவாகச் சுற்றும் வாகை மரச்செக்கையே நான் விரும்புகிறேன். எண்ணெய் சற்றுக் குறைவாக இறங்கினாலும் வாசம் கருகாமல் வருகிறது. போடும்போது பருப்பையும், முடிந்ததும் எண்ணெயையும் புண்ணாக்கையும் எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2025 மாசியில் நான் கொடுத்தது 21 கிலோ பருப்பு. வந்தது 12 கிலோ எண்ணெய், ஏறத்தாழ 13 லிட்டர். மாடு இல்லாத வீடு என்பதால் புண்ணாக்கை அங்கேயே கொடுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டோம். அந்த 13 லிட்டர்தான் விலை உச்சிக்குப் போன மாதங்களை எங்களுக்குக் கடத்திக் கொடுத்தது.

தெளியவைத்தல்

செக்கிலிருந்து வரும் எண்ணெய் கலங்கலாகவே இருக்கும். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் படியும். ஆட்டாமல் மேலெண்ணெயை மட்டும் வேறு பாத்திரத்துக்கு வடித்து, கடைசி ஒரு விரற்கடை எண்ணெயை விளக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்த மண்டியைச் சேர்த்து ஊற்றினால் மொத்தமும் சீக்கிரம் காறிப்போகும். ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கிப் பாருங்கள். படபடவென்று தெறித்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, மேலும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி ஜாடியிலோ நிரப்பி, அன்றாடத் தேவைக்குச் சிறிய பாத்திரத்தில் தனியே எடுத்துக்கொண்டால், பெரிய பாத்திரத்தில் ஈரக் கரண்டி படாது.

பின்சேர்க்கை

இதைப் படித்தபின் ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒருவர், ஆனியிலும் ஆடியிலும் அங்கே சாரல் ஓயாததால் ஏழு நாள் வெயில் கிடைக்கவே கிடைக்காது என்று எழுதியிருந்தார். அந்த மாதங்களில் மொட்டை மாடியை நம்பித் தொடங்க வேண்டாம். காயை மட்டையோடு நிழலில் வைத்துவிட்டு வெயில் நிலைக்கும்வரை காத்திருக்கலாம். தோப்பு வைத்திருப்பவர்கள் சூரியக் கூடார உலர்த்தி அமைத்துக்கொண்டால் சாரலிலும் காயும். அதற்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது, வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பருப்பாக வாங்கி ஆட்ட நினைப்பவர்களுக்கு: அவல்பூந்துறை, வெள்ளகோவில் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலம் மூட்டைக் கணக்கில் நடப்பதால் பத்து இருபது கிலோவுக்கு அது ஒத்துவராது. பருப்பு காயவைக்கும் களம் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் வாங்குங்கள். பூசணம் வராதிருக்கக் கந்தகப் புகை காட்டிய பருப்பும் சந்தையில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்ததுபோன்ற வெளுப்பும், சாக்கைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியும் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மார்கழியில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகக் கட்டிவிட்டது, கலப்படமோ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு. பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்; அடுப்பில் நேராக வைக்க வேண்டாம்.

தொட்டியை என்ன செய்வது என்று ஈரோட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். கரி சுடுபவர்கள் எடைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் விற்கவில்லை. மாசியில் உடைத்த காய்களின் தொட்டி மூன்று மூட்டைகள் வந்தன. குளிக்கும் வெந்நீரை அதைக்கொண்டே விறகடுப்பில் காய்ச்சி வருவதால், சிலிண்டர் முன்பைவிடச் சில நாட்கள் கூடுதலாக வருகிறது.